ஒரே ஊருக்கா?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்திருப்பது அறிந்து ஆறுதல் அடைந்தேன். தவறு செய்யும் மருத்துவரை இங்கே யார் தட்டிக் கேட்பது என்று வினவியிருந்தாய். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதற்கென மருத்துவர் கழகம் ஒன்று ரொறன்ரோவில் இருக்கிறது. எவரும் முறைப்பாடு செய்யலாம். ஆனால் முறைப்பாட்டுக்கு மருத்துவரின் பெயர் வேண்டுமே. வடக்கே பலருக்கு அதுவே தெரிவதில்லை.

மாகாணத்தின் வடமேற்கிலுள்ள சூ லுக்கவுட் நகருக்கு வடக்கே முதற்குடியினரின், அதாவது கனடாவின் பூர்வகுடிகளின், ஊர்கள் முப்பதுக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு விமானமே வழி. குளிர்காலத்தில் மட்டும் உறைந்த ஏரிகள் மேல் பாதை கிடைக்கும். நாளாந்த மருத்துவம் முழுவதும் தாதியர் கையில். மருத்துவர் சில நாள்கள் வந்து தங்கிப் பறந்துவிடுவார். நான் அங்கே பணிபுரிந்த காலத்தில் நீரிழிவு கண்ட முதியவர் ஒருவரின் கோப்பைப் புரட்டினேன். ஆறு வருகைகளுக்கு ஆறு கையெழுத்துகள்; காலில் இருந்த புண்ணை ஒவ்வொருவரும் கண்டு, அடுத்த முறை கவனிக்கவேண்டும் என்று குறித்திருந்தனர். அடுத்த முறை வந்தவர் வேறொருவர். அவர்களில் எவரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் முதியவர் விரல்களை இழந்தார்.

கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய ஊர்களில் பணிபுரிந்து, பதிவுகள் சோதிக்கப்பட்ட 45 தாதியருள் கட்டாயப் பயிற்சிகள் ஐந்தையும் முடித்திருந்தவர் ஒருவரே. (என் பதிவைச் சோதித்திருந்தாலும் அந்த எண்ணிக்கை கூடியிராது.) பயிற்சிக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க ஆளில்லை. தாதியர் நிலையங்கள் கூட்டாட்சி அரசின் பொறுப்பு, மருத்துவரின் ஊதியம் மாகாணத்தின் பொறுப்பு. பிழை நேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டும்.

1988இல் அந்த வடக்கு ஊர்களில் ஒன்றான சாண்டி லேக்கைச் சேர்ந்த சிலர் ஜோசயஸ் ஃபிட்லர் தலைமையில், மருத்துவ சேவையின் குறைகளை எதிர்த்து, சூ லுக்கவுட் மருத்துவமனையில் உண்ணாநோன்பு இருந்தபின்தான் விசாரணைக் குழுவும், 1990இல் முதற்குடியினருக்கே உரிய சுகாதார அமைப்பும் உருவாயின. அமெரிக்காவின் அலாஸ்காவில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆங்கரேஜ் நகரில் பழங்குடியினருக்கான ஆரம்ப மருத்துவ சேவையை அவர்களின் நிறுவனமே நடத்துகிறது. அங்கே நோயாளிக்குப் பெயர் ‘வாடிக்கையாளர்-உரிமையாளர்’. அவரை நிரந்தரமாகக் கவனிக்க மருத்துவரும் தாதியும் அடங்கிய குழு ஒன்று உண்டு. அந்தப் பெயர் எனக்குக் கடைக்கணக்குப் போலத்தான் ஒலிக்கிறது. ஆயினும் புண்ணைக் கண்டவரே அடுத்த முறையும் காண்பார்.

என் பெறாமகள் வடக்கே பயிற்சிக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை ஊர்களுக்குப் பறக்கவேண்டி வருமாம். ஒரே ஊருக்கா என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை என்றாள்.

அன்புடன்,
சாரதா