இணையவழி வகுப்பு தொடங்கும் முன் மாணவரை அறிதல்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய பருவத்தின் முதல் பாடத்தைத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியே ஐந்து நிமிடமாவது பேசிவிடுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். நேர்வகுப்பில் முகக்குறிப்பைக் கண்டே புரியாமையை உணர்ந்துவிடுகிறோம். திரையிலோ, ஒலியும் படமும் அணைக்கப்பட்ட ஒரு பெயர் மட்டுமே பல நேரங்களில் நமக்குத் தெரிகிறது. அந்த மாணவர் கைப்பேசியை உடன்பிறந்தவருடன் பகிர்ந்துகொள்கிறாரா, இணைப்பு எந்த நேரத்தில் தடைபடுகிறது, ஐயங்களை எழுத்தில் கேட்பது அவருக்கு எளிதா பேச்சில் கேட்பதா என்பவை தெரிந்தால்தான், யாருக்குப் பதிவுசெய்த பாடம் வேண்டும், யாருக்கு நேரடி உரையாடல் வேண்டும் என்று நம்மால் முடிவுசெய்ய இயலும்.

கற்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதே கற்றலில் மிக முக்கியமான காரணி என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் வலியுறுத்தினார். ஆகவே, முன்னறிவை அறிய மதிப்பெண் இல்லாத நான்கைந்து வினாக்களையும் அனுப்புங்கள். விடையைவிட, அவ்விடைக்கு எப்படி வந்தார் என்று மாணவர் எழுதும் ஒரு வரியே எனக்கு எப்போதும் அதிகம் உணர்த்தியிருக்கிறது.

குடும்பச் சூழலைப் பற்றி மாணவர் தாமாகச் சொன்னாலன்றித் துருவிக் கேட்க வேண்டாம்; கேமராவை இயக்கும்படி வற்புறுத்தவும் வேண்டாம். திரட்டிய குறிப்புகளை இக்குழுவில் பகிராமல் உங்களிடமே வைத்திருந்து, மூன்றாவது வாரத்தில் மீண்டும் ஒருமுறை பேசி, மாறியவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.