பேட்டரி காரில் ஒயர் உருகினால் முதலில் மீட்டரை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மருத்துவமனை வளாகங்களிலும் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார்களில் பழைய கோல்ஃப் வண்டிகளும் உண்டு. கருகிய வாடை வந்ததும் கன்ட்ரோலரையோ (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சோலினாய்டையோ (ஆக்சிலரேட்டர் பெடலை அழுத்தியதும் மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வீண் செலவு. கேபிள் வந்து சேரும் இணைப்பில்தான் சூடு பிறக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பாகம் போட்டால் அதுவும் கருகும்.

48 வோல்ட் வண்டி சமதரையில் ஏறக்குறைய 50 முதல் 80 ஆம்பியர் எடுக்கும். ஆட்களோடு பேஸ்மென்ட் சரிவில் ஏறும்போது 200ஐத் தாண்டும். ஓர் இணைப்பில் 1 மில்லி ஓம் தடை இருந்தால் 200 ஆம்பியரில் 40 வாட் சூடு உண்டாகும். பச்சை உப்பு பூத்து 5 மில்லி ஓம் ஆகிவிட்டால் 200 வாட். ஈயத்தை உருக்க 25 வாட் சாலிடரிங் அயனே போதும் என்றால், ஒரு நட்டின் அடியில் 200 வாட் என்ன செய்யும்!

வண்டி நிற்கும்போது அளந்தால் எதுவும் தெரியாது. மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை கேபிள் நுனியில் உள்ள லக் என்ற உலோக வளையத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் ஆட்களோடு வண்டியைச் சரிவில் மெதுவாக ஏற்ற வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டும் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். சோலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் உள்ளே கான்டாக்ட் தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். ஆக்சிலரேட்டர் பெடலை விட்டதும் அங்கே பேட்டரியின் முழு வோல்ட்டேஜே நிற்கக்கூடும். ஆகவே மீட்டரை 200 வோல்ட்டில் தொடங்கி, பெடலை அழுத்தி சோலினாய்டின் ‘கிளிக்’ கேட்ட பிறகு 2 வோல்ட்டுக்கு இறக்கி, பெடலை விடும் முன் மறுபடி 200க்குக் கொண்டுபோக வேண்டும். லிவர் வைத்த பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சையும் இதே போல அளக்கலாம். அதன் செம்புத் தகடுகளில் குழி விழுவதும் ஸ்பிரிங் தளர்வதும் சகஜம்.

சிலர் பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டர் பெடலை அழுத்திச் சோதிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுழலாத மோட்டாரில், பிரஷ் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் சில நொடிகளில் கருகும். சரிவில் பிரேக் போடாமல் பெடலாலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் ஓட்டுநரும் இதே கெடுதலைத்தான் செய்கிறார்.

பிரிக்கும் முன் சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மோதிரம், கைச்சங்கிலி கூடாது. ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சார்ஜ் முடிந்த உடனே இந்த வேலை வேண்டாம், அப்போது ஹைட்ரஜன் தங்கியிருக்கும். பேட்டரி மூடிகள் இறுகியிருப்பதைப் பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் உப்பைக் கழுவி, பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும்.

பலரும் தவறுவது பூட்டும் வரிசையில்தான். லக் நேரடியாக ஈயத்தின் மேல் உட்கார வேண்டும். அதற்கு மேல் வாஷர், பிறகு நட். லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே வாஷர் நுழைந்தால் மின்சாரம் முழுக்க அந்த இரும்பு வழியாகப் போய்ச் சூடேற்றும். இறுக்கம் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இருக்கட்டும். நட்-போல்ட் முனைகளுக்கு அது சுமார் 11 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் ஈயம் பிதுங்கித் தளர்ந்துவிடும். வாசலினைப் பூட்டிய பிறகே தடவ வேண்டும்.

இன்சுலேஷன் விறைத்துவிட்ட மெல்லிய கேபிளை 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளாக, ஒரே செட்டாக மாற்றுவது நல்லது. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கும்போது அலுமினியம் லக்கைத் தள்ளிவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு லக் கேளுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கருவியால் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் செய்யச் சொல்லுங்கள்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் சூடு வந்தால் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா, டயரில் காற்று குறைவா, மோட்டார் பிரஷ் தேய்ந்ததா என்று பாருங்கள். வண்டி ஏறும்போது மற்றவற்றைவிட வேகமாக வோல்ட்டேஜ் சரியும் பேட்டரியும் சந்தேகத்துக்குரியது.

ஃப்யூஸ் உள்ள வண்டிகளில் அது அடிக்கடி போகிறதென்று கம்பியைச் சுற்றி ஓட்டுவதை குடியிருப்போர் சங்கங்கள் உடனே நிறுத்த வேண்டும். அந்த வண்டியைச் சரிசெய்யும்வரை யாரையும் ஏற்றக் கூடாது.

– பேட்டரி வாகனப் பராமரிப்பாளர்கள்,
அல்சூர், பெங்களூரு