போர் விமானத்துக்கு முன்பே வரவேண்டியது சரக்கு விமானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையை அவசர ஓடுதளமாக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியில் போர் விமானத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. இறங்கிய விமானத்துக்கு எரிபொருள் நிரப்பி, ஏவுகணை மாட்டி, மறுபடி கிளப்பினால்தான் அது விமானத்தளம். அதற்கான ஆட்களையும் பொருளையும் கொண்டுவருவது சரக்கு விமானம். 2017 அக்டோபரில் ஆக்ரா–லக்னோ விரைவுச்சாலையில் நடந்த ஒத்திகையில் சி-130ஜே சரக்கு விமானம் முதலில் இறங்கி, விமானப்படையின் சிறப்புப் படையான கருட் கமாண்டோக்களை இறக்கிவிட்டது. போர் விமானங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

எதை முதலில் ஏற்றுவது என்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. போச்சம்பள்ளிச் சந்தைக்கு லாரி ஏற்றுபவருக்குத் தெரிந்த கணக்குதான்: முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். சரக்கைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி முதல் விமானத்தில் வராவிட்டால், அடுத்த விமானத்தின் சரக்குப் பலகைகளை (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டுகள்) பத்திரமாக இறக்க வழியில்லை. அவசரத்துக்கு, பலகையைப் பிடித்திருக்கும் பூட்டை எடுத்துவிட்டு விமானத்தைச் சட்டென நகர்த்திப் பலகையைப் பின்கதவு வழியாக வழுக்கி விழச் செய்யலாம். ஆனால் விமானத்தைச் சோதிக்கும் கருவிகளுக்கு அது ஆகாது.

எடைக் கணக்கும் இருக்கிறது. நம் விமானப்படையிடம் உள்ள நீளமான சி-130ஜே 8 பலகைகளுக்கு இடம் தரும். ஒரு பலகை 4.5 டன் தாங்கும். ஆனால் விமானம் சுமப்பது ஏறக்குறைய 19 டன்தான். சுகோய்-30 போர் விமானம் ஒன்றின் எரிபொருள் தொட்டி நிரம்பவே 9 டன்னுக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு நடை முழுக்க எரிபொருளே கொண்டுவந்தாலும் இரண்டு சுகோய்க்குத்தான் காணும். ஏவுகணை, ஆட்கள், உதிரிபாகம் வானில் வரட்டும். எரிபொருள் டேங்கரில் வருவதே சரி.

அங்கேதான் நம் தருமபுரி மாவட்டத்துச் சிக்கல். இவ்வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை என்.எச்.-44இல் ஒரு பகுதியை ஓடுதளத்துக்காக அடைத்தால், டேங்கர் வரவேண்டிய சாலையையே அடைத்ததாகிவிடும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே சேலம் பக்கத்து வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பது ஊரறிந்தது. இரு பக்கமும் கனரக வண்டி தாங்கும் சர்வீஸ் ரோடு இல்லாமல் இங்கே ஓடுதளம் பேசுவது வீண். சாலையோர ஜல்லியைக் கூட்டிப் பெருக்காவிட்டால் ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுழலும் விசிறித் தகடுகள் உடையும்.

சரக்கைக் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானத்தில், பட்டை போட்டுக் கட்டியிருந்த கவச வண்டி அவிழ்ந்து பின்னால் மோதியது. விமானம் விழுந்து 7 பேரும் இறந்தார்கள். அடுத்த ஒத்திகையைப் பற்றி எழுதும்போது, சரக்கு விமானத்தின் கதவு திறந்ததிலிருந்து முதல் போர் விமானம் மறுபடி எழும்பும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டு அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்