நம்ம வாய்க்காலைத் தெரிந்த ஒரு தேடுபொறி வேண்டும்

கொங்கு நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் வணக்கமுங்க.

ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் யோசிக்கிறீர்கள். இந்த முறை, நம் பக்கத்து விவசாயத்துக்கும் பாசனத்துக்கும் மட்டுமான ஒரு தேடுபொறியைச் செய்து தாருங்கள்.

கூகுள் இருக்கிறதே என்பீர்கள். பலர் இணைப்புக் கொடுக்கும் பக்கங்களுக்கு அதில் மதிப்பு அதிகம். ஒரு தாலுகாவுக்கு மட்டும் பயன்படும் அறிவிப்புக்கு யார் இணைப்புக் கொடுப்பார்கள்? புளியம்பட்டி ஈரோடு மாவட்டத்திலும் இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கிறது. கேட்பவர் சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரர் என்று தெரிந்த தேடுபொறிக்கு அந்தக் குழப்பமே வராது.

பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாசனம் 2,07,000 ஏக்கர். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, தவணைக்கு 1,03,500 ஏக்கர் வீதம் முறை வைத்து விடுகிறார்கள். இந்தத் தவணை நம் மதகுக்கு உண்டா, எந்தத் தேதி வரைக்கும்? நெல்லா கடலையா என்று முடிவு செய்ய இந்த ஒரு பதில் போதும். பதில் அரசாணையில் இருக்கும். ஆனால் அது ஸ்கேன் செய்த படமாகவோ, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலோ இருந்தால் தேடலில் சிக்காது. அரசாணை ‘கால்வாய்’ என்று எழுதும், தோட்டத்துக்காரர், கீழ்பவானித் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து, ‘எல்பிபி வாய்க்கால்’ என்று தேடுவார். இரண்டும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்க இந்த ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

அதைவிட முக்கியம், எதை உள்ளே விடுவது என்ற தேர்வு. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. கண்ட மருந்தையும் அடித்தால், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துப்போகும். பதறிப்போய்த் தேடுகிறவர் கண்ணில் மருந்து விற்பவரின் வீடியோ முதலில் பட்டால் நஷ்டம் தோப்புக்குத்தான். மூலங்களைப் பொறுக்கி எடுத்த தேடுபொறியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை முதலில் நிற்கும்.

ஆகாத காரியமில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடித் தரும் இணையதளமாக 2008-இல் வந்த இந்தியன் கானூன் செய்தது இதைத்தான். தீர்ப்புகள் ஏற்கெனவே பொதுவில் இருந்தன, அது அவற்றைத் தேடிப் பிடிக்க வழி செய்தது. இன்று வக்கீல் இல்லாதவரும் படிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய தேடல் மென்பொருளான லூசீன் இலவசம். படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரிக்கும் டெசராக்டும் இலவசம். மென்பொருள் சுலபம், ஆவணம் சேர்ப்பதில்தான் உழைப்பு.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு விடையின் தலையிலும் தேதி பெரிதாக இருக்கட்டும். போன வருட அறிவிப்பை இந்த வருடத்தது என்று நம்பி நாற்று விட்டவருக்குத் தேடுபொறியே இல்லாமல் இருந்திருக்கலாம்.

மஞ்சள் விலை, முட்டை விலை, சந்தை நாள் எல்லாம் அப்புறம் சேர்க்கலாம். முதலில் ஒரே ஒரு வாய்க்காலை எடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் பகுதிப் பாசன சபையில் பழைய நோட்டீஸ்களும் அரசாணை நகல்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.