முறுமுறுப்புக்குச் செவிகொடுக்கும் ஊழியம்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர்களுக்கும் இறையியல் கல்லூரி ஆசிரியப் பெருமக்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

சபையின் உதவி நிதிக் கூட்டம் ஒன்று பல ஆண்டுகளாகியும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கணவனை இழந்த ஒரு பெண், நான்காக மடித்த மனுவைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். உள்ளே நாங்கள் ஜெபத்தோடு தொடங்கி, பதிவேட்டைப் புரட்டி, "அவர் எப்போதும் குறை சொல்பவர்" என்று ஒருவர் சொன்னதற்குத் தலையசைத்து, அவர் பெயரை அடித்துவிட்டு, ஜெபத்தோடு முடித்தோம். தலைமை நாற்காலியில் இருந்தவன் நான். அவரை உள்ளே அழைத்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் திருச்சபையின் வரலாற்றைச் சொல்லும் புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தை அதன்பின் என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவும் உதவியும் பங்கிடும் பணியில், விடுபட்டுப்போனதால் எழுந்த முறுமுறுப்பை, எருசலேம் சபை கலகமாகக் கருதி அடக்கவில்லை. சபையார் அனைவரையும் கூட்டி, பொறுப்பையே கைமாற்றியது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களுக்குப் பங்கைக் கூட்டிக் கொடுத்ததோடு நிற்காமல், பங்கிடும் அதிகாரத்தையே அவர்கள் தரப்பிடம் ஒப்படைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்தப் பகுதியைக் காட்டி, பிரசங்கம் மேலானது, பந்தி விசாரணை கீழானது என்று போதிப்போர் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் விசாரணை என்றும் போதனை என்றும் பிரிந்து தெரியும் இரண்டையும் கிரேக்க மூலம் ஊழியம் எனப் பொருள்படும் தியாக்கோனியா என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பந்திக்கென்று நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவரான ஸ்தேவானே யூதரின் ஆலோசனைச் சங்கத்தின் முன் சாட்சி சொல்லி உயிர் கொடுத்தார். அவர்களில் இன்னொருவரான பிலிப்புவே சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனார்.

ஜெர்மனியில் யூதருக்கு எதிரான சட்டங்கள் பிறந்த 1933இல், அரசின் அநீதி என்னும் சக்கரத்தில் அகப்பட்டவர்களின் காயத்தைக் கட்டுவதோடு நில்லாமல், தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தையே தடுத்து நிறுத்தும் கடமையும் திருச்சபைக்கு உண்டு என்று ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் எழுதினார். காயம் கட்டுவதில் நம் சபைகள் குறைவைக்கவில்லை. மருத்துவமனைகளும் பள்ளிகளும் அதற்குச் சாட்சி. ஆனால் சக்கரம் நம் நிர்வாகத்துக்குள்ளேயே சுழலும்போது, ஊழியர் ஒருவரால் துன்புறுத்தப்பட்ட பெண்ணின் புகாரும், கூலி கேட்ட துப்புரவுப் பணியாளரின் குரலும் "சபையின் ஒருமைப்பாடு" என்ற பெயரில் அமுக்கப்படுகின்றன. அன்புக்கும் அமைதிக்கும் உரிய சொற்களை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு ஆறாத வேதனை.

ஆகவே மூன்று காரியங்களைத் தாழ்மையோடு, ஆனால் அழுத்தமாகக் கேட்கிறேன். உதவி பெறுவோர் உதவிக் குழுக்களில் வாக்குரிமையோடு அமரட்டும். குருத்துவ மாணவரின் களப்பணியை மதிப்பிடும்போது, அவர் யாரிடையே பணி செய்தாரோ அவர்களுடைய சொல்லுக்கும் மதிப்பெண் இருக்கட்டும். ஊழியர் மீதான புகார்களை, அவருடைய அதிகாரத்துக்கு உட்படாதவர்கள் விசாரிக்கட்டும். புகார் கொடுத்தவருக்கு முடிவு எழுத்தில் கிடைக்கட்டும்.

அந்தப் பெண் அதற்குப்பின் மனு எதுவும் கொடுக்கவில்லை. நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார். அந்தக் குழுவின் விதிகள் மட்டும் இன்றுவரை மாறவில்லை. அடுத்த பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இம்மூன்றையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உடன் ஊழியன்,
ஒரு சபைப் போதகர்