தர்பார் ஓவியத்தின் கீழே ஆண்டும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோஹினூர் வைரத்தைப் பற்றியோ பஞ்சாபின் சீக்கிய அரசைப் பற்றியோ கட்டுரை வரும்போதெல்லாம் தங்கள் நாளிதழில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் தர்பார் ஓவியம் ஒன்றும் இடம்பெறுகிறது. ஆனால் அதன் கீழே ‘ரஞ்சித் சிங்கின் அவை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருப்பதில்லை. வரைந்தவர் யார், எந்த ஆண்டில், ஓவியம் இப்போது எங்கே உள்ளது என்பவை விடுபட்டுவிடுகின்றன. மற்ற ஓவியங்களில் இது சிறு குறையாகவே இருக்கலாம். சீக்கிய அவை ஓவியங்களிலோ, ஆண்டு தெரியாவிட்டால் படத்தையே தவறாகப் புரிந்துகொள்வோம்.

ரஞ்சித் சிங் 1799-இல் லாகூரைக் கைப்பற்றினார், 1801-இல் மகாராஜாவானார், 1839-இல் மறைந்தார். 1809-இல் காங்ரா கோட்டை அவர் வசமான பிறகு, குலேர், காங்ரா மலைநாட்டு ஓவியக் குடும்பத்தினர் பலர் சீக்கியப் புரவலர்களுக்காகவும் வரையத் தொடங்கினர். கண்ணன் லீலைகளைத் தீட்டிப் பழகிய அதே கைகள்தாம் தலைப்பாகையின் மடிப்பையும், தாடியின் ஒவ்வோர் இழையையும், வாளின் பொன் பிடியையும் வரைந்தன. (நம் கலை வரலாற்று நூல்கள் பலவும் முகலாயர், இராஜபுத்திரர் என்பதோடு நின்றுவிட்டு, இந்தக் காலத்தை வீழ்ச்சி என்று ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று.)

அந்த ஓவியங்களை உற்றுப் பார்த்தால் அவையின் ஒழுங்கே புலப்படும். அம்மை நோயில் ஒரு கண்ணை இழந்த மன்னர் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் காட்சி தருகிறார். சுற்றியிருப்போர் பட்டிலும் மணியிலும் மின்ன, அவர் பல ஓவியங்களில் எளிய வெண்ணிற உடையில், நாற்காலியில் ஒரு காலை மடித்து அமர்ந்திருக்கிறார். அவர் முன்னிலையில் நாற்காலியில் அமரும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. இளைஞரான ஹீரா சிங்குக்குக் கிடைத்த அந்தச் சலுகை, முதலமைச்சரான அவருடைய தந்தை தியான் சிங்குக்குக் கிடைக்கவில்லை என்பதை அறிந்தவருக்கு, யார் எங்கே நிற்கிறார் என்பதே ஓர் அரசியல் செய்தி.

ஆனால் இவை அனைத்தும் நேரில் கண்டு வரைந்தவை அல்ல. ஹங்கேரி ஓவியர் ஆகஸ்ட் ஷோஃப்ட் லாகூருக்கு வந்தது 1841-இல். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஷேர் சிங். இருந்தும், 1855-இல் வியன்னாவில் காட்சிக்கு வைக்கப்பட்டு இன்று லாகூர் கோட்டையில் உள்ள ஷோஃப்டின் பெரிய எண்ணெய் ஓவியத்தில் ரஞ்சித் சிங் உயிரோடு அவை நடத்துகிறார். பிஷன் சிங் வரைந்த புகழ்பெற்ற தர்பார் ஓவியமோ 1860-களைச் சேர்ந்தது. அதற்குள் 1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைத் தம் ஆட்சியில் இணைத்துவிட்டிருந்தனர். இழந்த அரசை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் இத்தகைய ஓவியங்களை, அந்த அவையின் நேரடிப் பதிவாகக் கொள்வது முறையாகாது.

ஓவியம் இருக்குமிடத்தைக் குறிப்பதும் தேவையே. 1947 பிரிவினையை அடுத்து லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பே பங்கிடப்பட்டு, இந்தியாவுக்குக் கிடைத்த ஓவியங்களில் பெரும்பகுதி இன்று சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகவே இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது ஓவியர், ஏறத்தாழவேனும் காலம், காப்பகம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிடுமாறும், மன்னரின் மறைவுக்குப் பின் வரையப்பட்டதாயின் அதையும் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்