நீல பம்ப் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிரும் விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் எங்கள் தோட்ட லயன் வீடுகளில் இரவெல்லாம் ஆஸ்துமா இழுப்புச் சத்தம்தான். நீல பம்ப் எனப்படும் சல்பியூட்டமோல் இன்ஹேலரை இழுத்ததும் சில நிமிடங்களில் நெஞ்சு இலேசாகிறது. அந்தச் சுகம் 4 முதல் 6 மணி நேரம்தான். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அது தொடுவதில்லை. ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள் என்று 2019 முதல் ஜினா என்ற உலக அமைப்பின் வழிகாட்டல் சொல்கிறது. இங்கேயோ அந்த உள்வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு இன்ஹேலர், 'இப்போ வருத்தம் இல்லையே' என்று அலுமாரியில் கிடக்கிறது.

இன்னொன்று, பலர் பம்பைக் குலுக்குவதே இல்லை. வாய்க்குள் அடித்த கையோடு மூச்சை விட்டுவிடுகிறார்கள். மருந்து நாக்கோடு சரி! கிளினிக்கில் மருந்துத் துண்டு எழுதும்போதே ஒருதரம் இழுத்துக் காட்டச் சொன்னால் என்ன? அப்புறம், சிறுபிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் (பம்பில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) இல்லாமல் பம்பை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

வாசகர்,
பொகவந்தலாவை